கல் விளையாத நாட்டில் ஒரு கல்

நாகூர்க் கடற்கரையில் புறப்பட்டு, வெட்டாற்றின் கரையோடு மேற்கே நடந்து, திருவாரூரையும் கடந்து தஞ்சாவூர் எல்லை வரையில் ஒருவன் சென்றாலும், அவன் காலில் இயற்கையாய்த் தோன்றிய ஒரு பாறை இடறப் போவதில்லை. கடலை ஒட்டி வெண்மணல். அதைத் தாண்டினால் களியும் வண்டலும் மாறி மாறி வரும் நஞ்சை. நடுநடுவே பழைய ஆற்றுத் தடங்களில் படிந்த பருமணல். இவ்வளவுதான் காவிரி இந்நாட்டுக்குச் செய்த சாசனம். மலைநாட்டில் புறப்படும்போது ஆறு உருட்டிக்கொண்டு வரும் கூழாங்கற்கள்கூடச் சமவெளியில் அதன் வேகம் தணியத் தணியப் பின்தங்கிவிடுகின்றன. கடைமடைக்கு வந்து சேர்வது விரலிடையில் தேய்த்தால் மாவாய் உதிரும் மண் ஒன்றே. சோழப் பேரரசன் இராஜராஜன் தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பியபோது, அதற்கு வேண்டிய கருங்கல்லைப் புதுக்கோட்டை வட்டாரத்துக் குன்றுகளிலிருந்து கொணர்ந்தான் என்றும், அவனுக்கு முன்னே சோழ அரசி செம்பியன் மாதேவியார் ஊர் ஊராகச் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியபோதும் ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்தே வந்ததென்றும் நாம் படிக்கும்போது, அந்தப் பிரயாசையின் அளவை இப்பிரதேசத்து மண்ணை ஒரு முறை கையில் அள்ளிப் பார்த்தவர்களே சரியாக உணர முடியும்.

ஆகவே, இந்த டெல்டாவில் ஒரு வீட்டுக் கொல்லையில் மம்பட்டி பட்டு "ணங்" என்று ஓசை எழுந்தால், அது அலட்சியம் செய்யத்தக்க ஓசை அன்று. தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ மண்ணுக்குள் கல் கிடப்பது இயல்பு. இங்கே கல் கிடந்தால், அதை யாரோ, எங்கிருந்தோ, ஏதோ ஒரு காரியத்துக்காகக் கொண்டுவந்தார்கள் என்பது, அதன் மேல் எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்போதே நிச்சயமாகிவிடுகிறது. செதுக்கல் ஒன்றும் இல்லாத மொட்டைக் கல்லும் இந்நாட்டில் ஒரு சரித்திர சாட்சிதான். அந்த சாட்சி எங்கே, எந்த ஆழத்தில், எவற்றின் நடுவே கிடந்தது என்ற செய்தியைக் கல்லோடு சேர்த்துக் காப்பாற்றினால் மாத்திரமே அது பேசும் என்பதைக் கொல்லையும் தோப்பும் உடைய ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்னும் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

இக்கவலைக்கு உதாரணமாக நிற்கும் ஊர் நாகூருக்கு வெகு தூரத்தில் இல்லை. மயிலாடுதுறைக்கு அருகே, குத்தாலத்தை அடுத்த செம்பியன்கண்டியூர் அது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், 2006ஆம் ஆண்டில் நாகையும் நாகூரும் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், வாழையும் தென்னையும் வைப்பதற்காகத் தம் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டினார். மண்ணோடு மண்ணாய் இரண்டு கற்கள் மேலே வந்தன. வழவழப்பாய்த் தேய்க்கப்பெற்று, ஒரு முனை குறுகி, மறு முனை விரிந்து கூராய் இருந்த அவை, புதிய கற்காலத்து மக்கள் கையாண்ட கற்கோடரிகள். பிறர் என்றால் அவற்றை வேலியோரம் எறிந்திருப்பார்கள். அல்லது கத்தி தீட்டுவதற்கு நல்ல கல் கிடைத்ததென்று கிணற்றடியில் போட்டிருப்பார்கள். இந்த ஆசிரியரோ பழம்பொருள்களில் பற்றுடையவர். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரோடு நட்புடையவர். அந்த நட்பின் வழியாகக் கற்கள் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தன. அப்போது துறையின் தலைமையில் இருந்தவர் தி. ஸ்ரீ. ஸ்ரீதர். துறையின் கல்வெட்டாய்வாளர்கள் கற்களைக் கழுவி உற்று நோக்கிய பிறகு, அவற்றுள் ஒன்றில் நான்கு குறிகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. 2006 மே 1ஆம் தேதி இச்செய்தி பத்திரிகைகளில் வெளியானபோது, தமிழ் நாடு மாத்திரமன்றி, சிந்துவெளி நாகரிகத்தில் ஈடுபாடுடைய உலகமே ஒரு கணம் இந்தச் சிற்றூரைத் திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்க்கச் செய்தவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணியிலிருந்தவராயினும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிந்து எழுத்துக்கும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளுக்கும் ஒப்புக்கொடுத்த அப்பேரறிஞர், 1977இல் சிந்துவெளி எழுத்துக்களுக்கு ஒரு தொகுப்பகராதி வெளியிட்டு, ஒவ்வொரு குறிக்கும் எண் கொடுத்து ஒழுங்குபடுத்தியவர். செம்பியன்கண்டியூர்க் கல்லிலுள்ள நான்கு குறிகளையும் அவர் அந்தத் தொகுப்போடு ஒப்பிட்டார். முதலாவது, விலா எலும்புகள் தெரிய, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் உருவம். இரண்டாவது, கைப்பிடியுள்ள ஒரு சாடி. மூன்றாவது, திரிசூலம் போன்ற வடிவம். நான்காவது, நடுவே வளையம் அமைந்த பிறைபோன்ற வடிவம். முதல் இரண்டும் சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி சேர்ந்து வருபவை என்றும், அவற்றை முருகன் என்று கொள்ளலாம் என்றும் அவர் அபிப்பிராயப்பட்டார். கற்கோடரியின் காலத்தைக் கி.மு. 2000க்கும் கி.மு. 1500க்கும் இடைப்பட்டதாக அவர் மதித்தார். கோடரி தென்னாட்டுக் கல்லில், தென்னாட்டு முறையில் அமைந்திருத்தலால் வடக்கேயிருந்து வந்ததாகாது என்பதும், ஆகவே சிந்துவெளியாரும் தமிழகத்துப் புதிய கற்கால மக்களும் ஒரே மொழியைப் பேசினர் என்பதற்கும் அம்மொழி திராவிட மொழியே என்பதற்கும் இது ஆதாரம் என்பதும் அவர் வாதம். தமிழகத்தில் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் கிடைத்த தொல்லியல் கண்டுபிடிப்புகளுள் இதுவே தலையாயது என்றுகூட அவர் சொன்னார். எளிதில் புகழ்ந்து பேசுபவர் அல்லர் அவர்; தம்முடைய முந்தைய முடிவுகளையே பல முறை பகிரங்கமாகத் திருத்திக்கொண்டவர். அவர் வாயிலிருந்து வந்தமையால் அச்சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது.

ஆயினும் எல்லா அறிஞரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஐயுற்றவர்களின் வாதத்தையும் நாம் மரியாதையோடு கேட்கவேண்டும். ஏனெனில் அதிலே நம் கொல்லைகளுக்குரிய பாடம் அடங்கியிருக்கிறது. கோடரி செய்யப்பட்ட காலம் ஒன்று, அதன் மேல் குறிகள் பொறிக்கப்பட்ட காலம் மற்றொன்றாக இருக்கலாம் அன்றோ? புதிய கற்காலத்துக் கோடரி ஒன்று, பிற்காலத்தில் வேறொருவர் கையில் அகப்பட்டு, அவர் அதில் எதையேனும் கீறியிருத்தல் கூடாததா? நான்கு குறிகளைக் கொண்டு ஒரு மொழியின் பரப்பை நிர்ணயித்தல் தகுமா? 2004ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்செல் ஆகிய மூவரும் சிந்துவெளிக் குறிகள் எழுத்தே அல்ல என்று எழுதி ஒரு பெரும் விவாதத்தைக் கிளப்பியிருந்தார்கள். அந்த விவாதத்தின் சூடு தணியாத சமயத்தில்தான் செம்பியன்கண்டியூர்க் கல் வெளிப்பட்டது. இவ்வளவு வினாக்களுக்கும் விடை சொல்லக்கூடிய ஒன்று உண்டென்றால் அது கல் கிடந்த மண்ணடுக்கு. அக்கல்லுக்கு மேலே எத்தகைய மண், அதனோடு எத்தகைய மட்கலத் துண்டுகள், கரித்துண்டு ஏதேனும் இருந்ததா, அக்குழி முன்பே ஒரு முறை யாராலாவது கிளறப்பட்டதா என்பவையெல்லாம் தெரிந்திருந்தால், வாதம் வேறு திசையில் போயிருக்கும். வாழைக்குழி வெட்டியவரை இதற்காகக் குறைகூறுதல் அறிவீனம். தமக்குத் தெரிந்த அளவில் அவர் செய்யவேண்டிய அனைத்தையும் செய்தார். அவர் பேசாதிருந்தால் நமக்கு இந்த வாதமே கிடைத்திராது.

பின்வந்த ஆண்டுகளில் தொல்லியல் துறை அவ்வூரில் அகழாய்வு நடத்தியபோது, கறுப்பு-சிவப்பு மட்கலங்களும், கீறல் குறியீடுகள் உடைய ஓடுகளும் கிடைத்தன. பெருங்கற்கால மக்கள் அங்கே வாழ்ந்தமை அவற்றால் உறுதிப்பட்டது. என்னுடைய எண்ணத்தில், எழுத்தைப் பற்றிய முடிவு எப்படியாயினும், ஒரு விஷயம் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைத்துவிட்டது: காவிரியின் கடைமடை, சோழர் வந்து வாய்க்கால் வெட்டிய பிறகே மனிதர் குடியேறிய நாடு என்று நம்மில் பலர் நினைத்திருந்தது தவறு. கல்லே இல்லாத இந்த வண்டலில் கற்கோடரி கிடைக்கிறதென்றால், கல்லுள்ள மேட்டுநிலத்தோடு உறவுடைய மனிதர் இங்கே வந்து போனார்கள், அல்லது வாழ்ந்தார்கள். ஆறு உருட்டிக்கொண்டு வந்திருந்தால் அதன் கூர்முனை மழுங்கியிருக்கும். அதைக் கொணர்ந்தவை மனிதக் கைகளே.

அந்தக் கைகளின் உழைப்பை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். கற்கோடரி செய்பவன் முதலில் தக்க கல்லைத் தேர்ந்து, வேறொரு கல்லால் தட்டித் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்து ஓர் உருவம் கொண்டுவருகிறான். பிறகு மேடுகளையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சமப்படுத்துகிறான். அதன் பின்னர்ப் பாறையின் மேல் மணலும் நீரும் இட்டு, மணிக்கணக்கில், நாட்கணக்கில் தேய்க்கிறான். அப்படித் தேய்த்த இடத்தில் பாறையும் குழிந்து, நீள்பள்ளமாகி, இன்றும் மலையடிவாரங்களில் காணக் கிடைக்கிறது. கடைசியில் விரிந்த முனை பிறைபோல் வளைந்து பளபளக்கிறது. அக்கோடரியைக் கையில் எடுத்தால் கட்டைவிரலுக்கு ஒரு பக்கமும் நான்கு விரல்களுக்கு மறுபக்கமும் தாமாகவே இடம் அமைந்துவிடும். நூறு தலைமுறைகளுக்கு அப்பாற்பட்ட ஒரு மனிதனோடு நமக்கு இதைவிட நெருங்கிய பரிச்சயம் வேறெதனால் வாய்க்கும்? சேர்வராயன் மலையில் இத்தகைய கோடரிகளை மக்கள் சேகரித்துக் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்ததை, 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டு எழுதியிருக்கிறார். அம்மக்கள் அவற்றைக் கருவியென்று அறிந்திலர். எனினும் சாமானியப் பொருளன்று என்பதை அவர்கள் உள்ளம் அறிந்திருந்தது.

இனி நாகூருக்கும் நாகைக்கும் வருவோம். இவ்விரண்டு ஊர்களின் மண்ணும் கடந்த ஆயிரம் ஆண்டுகளில் எத்தனை நாட்டாருடைய காலடியைத் தாங்கியிருக்கிறது என்பதை நினைத்தால், கொல்லையில் ஒரு கல் கிடைத்தவுடன் இது சோழர் காலத்தது என்று சொல்லிவிடுவது எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரம் எடுத்தான். அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தி இப்போது லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சாசனத்தில் உள்ளது. பின்னர்ப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் வந்தார்கள். நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா எழுந்தது. 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தார். இந்தக் கரையில் மலாய் நாட்டுக்கும் பர்மாவுக்கும் போய் வந்த மரக்காயர் கப்பல்கள் எத்தனை! கப்பல் காலியாய்த் திரும்பும்போது அலையில் ஆடாதிருக்க அடித்தட்டில் பாரக்கற்களை ஏற்றி வருவது வழக்கம். துறைமுகத்தில் இறக்கப்பட்ட அக்கற்கள் வீட்டுப் படியாகவும் வேலிக் காலாகவும் மாறுவதும் வழக்கம். ஆகவே நாகூர்க் கொல்லையில் கிடைக்கும் ஒரு கல், விஹாரத்தின் துண்டாகவும் இருக்கலாம்; கோயில் அதிஷ்டானத்தின் பகுதியாகவும் இருக்கலாம்; முஸ்லிம்களின் கல்லறையில் நடும், அரபு எழுத்துப் பொறித்த மீசான் கல்லாகவும் இருக்கலாம்; டச்சுக் கல்லறையின் பலகையாகவும் இருக்கலாம்; தேவதான நிலத்தின் எல்லையைக் குறிக்கத் திரிசூலம் செதுக்கிய சூலக்கல்லாகவும் இருக்கலாம்; ஏதோ ஒரு கடல் கடந்த கரையிலிருந்து வந்த பாரக்கல்லாகவும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் இவ்வூரின் சரித்திரமே. சோழர் கல் மாத்திரம் மதிப்புள்ளது, மீசான் கல் மதிப்பற்றது என்ற எண்ணம் எவருக்கேனும் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

பழைய வீடுகளின் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லை நான் எங்கே கண்டாலும் குனிந்து அதன் பக்கவாட்டைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். சில சமயம் ஓரத்தில் வரிசையாக, ஒரே அளவில், நீள்சதுரமான சிறு குழிகள் பாதி பாதியாய்த் தெரியும். அவை எழுத்தல்ல, கல்தச்சன் பாறையைப் பிளப்பதற்காக உளியால் வெட்டி ஆப்பு அடித்த குழிகள். கல் பிளந்தபோது ஒவ்வொரு குழியும் இரண்டாகி, இந்தப் பாதி இந்தக் கல்லோடு வந்துவிட்டது. இக்குழிகளை மர்ம லிபி என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. கலப்பைக் கொழு உரசிய கீற்றும், மரவேர் பற்றிப் படர்ந்த வடுவும், கல்லின் இயற்கையான நரம்பும் இவ்வாறே மயக்குவன. பொறித்த கோட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெளிவாயிருக்கும், ஆழம் ஏறக்குறைய ஒரே சீராயிருக்கும், பழமையான கோடாயின் அதன் உட்புறமும் கல்லின் மேற்புறமும் ஒரே நிறத்தில் கறுத்திருக்கும். கோடு மாத்திரம் வெளுத்துத் தெரிந்தால், அது அண்மையில் விழுந்தது என்று ஐயுறலாம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1898ஆம் ஆண்டு ஒரு குடியானவர் மரத்தின் வேரடியில் கண்டதாகச் சொன்ன கென்சிங்டன் கல், வட ஐரோப்பியருடைய பழைய ரூன் எழுத்துக்களைக் கொண்டிருந்தது. நூறாண்டுக்கு மேலாக வாதிட்டும், அறிஞரிற் பெரும்பாலோர் அதைப் பிற்காலத்தில் வெட்டியதென்றே கொள்கிறார்கள். ஒரு கல்லை நம்பத்தக்கதாக ஆக்குவது அதன் மேலுள்ள எழுத்து மாத்திரமே என்றால், இந்த மாதிரி வழக்குகளுக்கு முடிவே இராது.

மண் கொடுத்ததை நாம் காத்துக்கொள்ளத் தெரியாதிருந்தமைக்கு நாகப்பட்டினமே கசப்பான சான்று. கடலில் வரும் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற ஒரு செங்கற் கோபுரம் அங்கே இருந்தது; ஐரோப்பியர் அதைச் சீனக் கோயில் என்றும், நம்மவர் புதுவெளிக் கோபுரம் என்றும் அழைத்தார்கள். மூன்று நிலைகளும் சதுர அமைப்பும் கொண்ட அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சர் வால்டர் எலியட் பார்த்து வர்ணித்திருக்கிறார். 1856ஆம் ஆண்டில் அதன் அருகே நின்ற பெரிய இலுப்பை மரத்தை இயேசு சபைக் குருமார் வெட்டி அகற்றியபோது, வேருக்கு அடியில் பௌத்தத் திருமேனிகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. மரம் வளர்ந்து முதிர்வதற்கு முன்பே யாரோ பக்தர்கள் அவற்றை அங்கே மண்ணுக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். அதன் பின்னர் 1930கள் வரையில், வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலுமாக, சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் பூமியிலிருந்து கிடைத்தன. டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து 1954இல் வெளியிட்ட நூல், சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடுகளுள் சிரேஷ்டமான ஒன்று. ஆனால் கோபுரம் எங்கே? 1867இல், அரசாங்கத்தின் அனுமதியோடு, அது இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது. திருமேனிகள் உலோகமாதலால் விலைமதிப்புப் பெற்றுப் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. செங்கல் விலையற்றதாதலால் போயிற்று. அது நின்ற இடத்தின் ஒவ்வொரு படையையும் இன்றைய முறைப்படி ஆராயும் பாக்கியம் நமக்குக் கிடைத்திருந்தால் என்னென்ன தெரிந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

சோழ நாட்டு வயல்களிலும் தோப்புகளிலும் கிடைத்த கருங்கற் புத்தர்கள் விஷயமும் இதனோடு சேர்ந்ததே. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட "பௌத்தமும் தமிழும்" என்ற நூலில், புத்தர் உருவங்கள் வேறு தெய்வங்களின் பெயரால் வழிபடப்பட்டு வந்ததை எடுத்துக்காட்டினார். அவருக்குப் பின் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பா. ஜம்புலிங்கம் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, வயலோரத்திலும் குளக்கரையிலும் கிடந்த பல புத்தர் சிலைகளைக் கண்டு உலகறியச் செய்தார். மாட்டுக்காரச் சிறுவர்களும் களை பறிக்கும் பெண்களும் வழி காட்டாவிட்டால் இத்தகைய தேடல் எதுவும் பலித்திராது. கீழடியின் கதையும் வேறன்று: மத்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அங்கே குழி அமைப்பதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அவ்வூர்ப் பள்ளியின் வரலாற்றாசிரியர் ஒருவர், மாணவர் கொண்டுவந்து காட்டிய பழம்பொருள்களைக் கண்டு இங்கே ஏதோ இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே இருந்தார். சில சமயம் இயற்கையே முன்னின்று காட்டிவிடுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நாகூரையும் நாகையையும் நிலைகுலையச் செய்த அதே ஆழிப்பேரலை, மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் மணலை வாரிச் சென்று கல்வெட்டுள்ள பாறையை வெளிக்காட்டிற்று. அந்தக் கல்வெட்டைப் பின்பற்றிச் சென்றே 2005இல் அங்கே புதையுண்டிருந்த முருகன் கோயிலைக் கண்டார்கள். பல்லவர் காலக் கற்கோயிலின் அடியில் அதனினும் பழைய செங்கற் கோயில் இருந்தது.

அப்படியானால் நம் மக்கள் ஏன் சொல்லாமல் மறைக்கிறார்கள்? பயமே காரணம். கல் கிடைத்ததென்று தெரிந்தால் அதிகாரிகள் வந்து வீட்டு வேலையை நிறுத்திவிடுவார்கள், மனை பறிபோகும், போலீஸ் விசாரணை வரும் என்ற அச்சம் கிராமத்திலும் நகரத்திலும் ஒன்றேபோல் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கும்படி விதிக்கிறது. மறைத்தால் சிறைத் தண்டனை உண்டு. அச்சட்டம் கண்டெடுத்தவனுக்கும் நிலத்துக்குடையவனுக்கும் நியாயமான பங்கையும் வகுத்திருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஆனால் அது பொன்னையும் செம்பையும் மனத்திற்கொண்டு எழுந்த சட்டம். சந்தையில் விலைபோகாத ஒரு கருங்கல்லைக் கண்டு, தன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்து சொல்பவனுக்கு அது என்ன கொடுக்கிறது? இங்கிலாந்தில் 1997ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கினார்கள். வயலில் பழம்பொருள் கண்டவர்கள் அதை அருகிலுள்ள அலுவலரிடம் காட்டினால், அவர் இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, பெரும்பாலான பொருள்களைக் கண்டவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இதுவரையில் அங்கே பதிவானவை பத்து லட்சத்துக்கும் மேல். பொருளைப் பறிக்காமல் செய்தியை மாத்திரம் பெற்றுக்கொள்ளும் அந்த நயம் நமக்கும் வேண்டும். சிந்து எழுத்தைப் படித்துக்காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். அந்தப் பரிசுக்கு வேண்டிய அடுத்த சான்று, பெரும்பாலும் ஏதோ ஓர் ஏழையின் கொல்லையிலிருந்தே வரும். அவன் கையில் ஒரு ரசீதும், அவன் பெயர் எழுதிய ஒரு நன்றிக் கடிதமும், நிலத்துக்குத் தீங்கில்லை என்ற உறுதிமொழியும் கொடுக்கப்படுமாயின், அதற்கு அரசாங்கத்துக்குச் செலவு சொற்பமே.

கல்வெட்டைப் படி எடுப்பதை ஒரு முறையேனும் அருகிருந்து பார்த்தவர்களுக்குக் கல்லின் மேல் கை வைக்கவே ஒரு பணிவு வந்துவிடும். முதலில் மென்மையான தூரிகையாலும் நீராலும் மண்ணைப் போக்குகிறார்கள். நனைத்த தாளைக் கல்லின் மேல் பரப்பி, அடர்ந்த மயிர்களையுடைய தட்டுத்தூரிகையால் மெல்ல மெல்ல அடிக்க, தாள் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கிப் படிகிறது. அது காய்ந்துவரும் பக்குவத்தில், மை தோய்த்த துணிப்பந்தை ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள். மேட்டில் மை ஏறுகிறது, பள்ளத்தில் ஏறுவதில்லை. கண்ணுக்குத் தென்படாதிருந்த எழுத்து, கரிய தாளில் வெள்ளையாய் வரி வரியாக எழுந்து வருகிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, அகற்ற வேண்டியிருந்த பழங்கற்களிலிருந்த சாசனங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்து, இவை பழைய கல்லின் படி என்று குறித்தும் வைத்தார். கல்லை இடம் மாற்றும்போது அதன் செய்தியையும் உடன் கொண்டுபோகவேண்டும் என்ற அறிவு இந்த நாட்டுக்குப் புதியதன்று.

ஆகையால், நாகூரிலோ திருமருகலிலோ கீழ்வேளூரிலோ இதை வாசிப்பவர் எவர் கொல்லையிலாவது நாளை ஒரு கல் தட்டுப்படுமாயின், நான் வேண்டிக்கொள்வது சிலவே. கல்லைப் பெயர்க்காமல் முதலில் கிடந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்; காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போது எடுத்தால் பொறிப்பு தெளிவாய் விழும். அளவு தெரிய அருகில் ஓர் அடிக்கோலை வையுங்கள். தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், கிணற்றிலிருந்தோ மதிலிலிருந்தோ எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் குறித்து, தேதியும் போடுங்கள். அதனோடு வந்த ஓட்டுத் துண்டு, செங்கல், கரி, எலும்பு எதையும் குப்பையில் கொட்டாமல் ஒரு பையில் தனியே கட்டிவையுங்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கவேண்டாம். கம்பித் தூரிகை கூடவே கூடாது. எழுத்து தெரியவேண்டுமென்று சுண்ணாம்பும் சாயமும் தடவவேண்டாம். மஞ்சள் பூசிக் குங்குமம் இடவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால், ஆய்வாளர் வந்து பார்த்துப் போகும் வரையில் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அருங்காட்சியகத்துக்கும், படித்த ஆசிரியர் ஒருவருக்கும் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் குழியை மூடிவிட வேண்டாம். வாழைக்கன்றை இரண்டடி தள்ளி நட்டுக்கொள்ளலாம்.